தவனம்

ஊசி குத்திய விரலை
உடனே வாயில் வைத்துக்கொண்டான்.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு.
எண் நாற்பத்தொன்று, பெயர் தீனபந்து, வயது இருபத்திரண்டு.
ஊர் என்ற கட்டத்தில் ஒரிசா என்று எழுதிவிட்டு
மேலே கேட்க பாஷை இல்லாமல் நின்றேன்.
தங்கச்சிமடத்து நண்டுக் கம்பெனி.
ஐஸ் உடைக்கிறவர்களுக்கெல்லாம் வியர்க்க
அவனுக்கு மட்டும் பல் கிட்டியது.

இங்கே மணலைக் குடைந்தால்
இரண்டு முழத்தில் நல்ல தண்ணீர் ஊறும்.
மல்லிகைப் பதியனுக்கு ஊற்ற
ஆளுக்கொரு குழி, மேலே தென்னங்கீற்று.
கீற்றை விலக்கி, கரண்டியில் மொண்டு,
மட்டத்தோடு படுத்துக் கிடக்கும் புழுவை எண்ணுவது
என் உத்தியோகம்.
கடல் பார்த்த ஊரில்
பாலித்தீன் பையில் மீன்குஞ்சு சுமந்து
குழிகுழியாய் விடுகிறவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் லேபில் பார்த்தார்கள்:
பிறை பிறையாய் அவன் ரத்தத்தில்.
மூன்று நாள் மாத்திரை.

அந்த மாத்திரையைப் பற்றி
மண்டபம் பயிற்சியில் ஒரு டாக்டர் சொன்னார்,
சீனத்துப் பூண்டின் சாரம்,
நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
"அப்ப தலையில வச்சா காய்ச்சல் வராதா சார்?"
என்றாள் செல்வமேரி.
"வரும். மணத்தோட வரும்."

சிரித்தோம். எனக்கு மட்டும் அது விடவில்லை.
ராமநாதபுரத்து நாட்டுமருந்துக் கடையில்
மாசிபத்திரி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
இலையின் முதுகில் வெள்ளைப் பஞ்சு.
வயிற்றுப் புழுவுக்கு, தள்ளிப்போன தீட்டுக்கு,
பட்டுப்புடவைப் பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்க
என்று அடுக்கினார் நஜ்முதீன்.
ஜோர்டானில் டிரைவராயிருந்த அவர் மச்சான்
'ஷீஹ்' என்று ஒன்றை டீயில் போட்டுக் குடித்தாராம்:
"கசப்புன்னா கசப்பு, மாப்ள,
வட்டிக்காரன் முகத்துல முழிச்ச மாதிரி."
அமெரிக்காவில் குளிர்ப்பாலை முழுக்க
இதே சாம்பல்நிறப் புதர் இடுப்புயரம் நிற்பதை
டிவியில் பார்த்தேன்.
மழை பெய்ததும் மணக்குமாம்.
டிவியில் எப்படித் தெரியும்.

எங்கள் கரையில் அடப்பங்கொடி நிற்கும்,
ராவணன் மீசை நிற்கும்,
யாரும் கூப்பிடாத சீமைக்கருவேல் நிற்கும்.
மரிக்கொழுந்து நிற்காது.
உப்புக்காற்று அதன் நுனியைப் பொசுக்கிவிடும்.
வெள்ளிதோறும் மதுரை பஸ்ஸில்
ஈரச்சாக்கில் வந்து இறங்கும்.

சதை பிரிக்கிற பனிமயம்
அதில் ஒரு கொத்து கொண்டையில் வைத்திருப்பாள்,
நண்டு வாடைக்கு மாற்று.
இரண்டாம் நாள் மாத்திரைக்காக
அவன் தலையைத் தூக்கிப் பிடித்தவள் அவள்தான்.
அவன் மூக்கு விரிந்தது.
"தயணா" என்றான்.
"தவனமாம், பாவம்" என்று ஓடி
ஒரு சொம்பு கொண்டுவந்தாள்.
குடித்தான். "தயணா."
இன்னொரு சொம்பு.
"காய்ச்சக் குடல், எம்புட்டு குடிக்குது பாரு."
மூன்றாவது சொம்பைக் கையால் தள்ளிவிட்டு
அவள் கொண்டையைக் காட்டினான்.

சட்டென்று கொட்டகை அமைதியானது.
மேஸ்திரி கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.
பனிமயம்தான் முதலில் விளங்கிக்கொண்டாள்.
கொத்தில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள்.
அவன் கசக்கி, முகத்தைப் பொத்தி,
உள்ளங்கைக்குள் ஏதோ பேசினான்.
அவன் ஊர்ச் சாமிக்கு அதைச் சூட்டுவார்களாம்;
பிறகு காண்டிராக்டர் சொன்னது.

தவனம் என்றால்
மரிக்கொழுந்து என்றும் நம் அகராதியில் இருக்கிறது.
இரண்டு சொம்புத் தண்ணீர் கழித்துத்தான்
எனக்கு நினைவு வந்தது.

ஏழாம் நாள் சில்லில் பிறை இல்லை.
'நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
வாசலில் ஒரு தெர்மாகோல் மூடி,
அதில் மணல் அள்ளிப்போட்டு
ஒரு மரிக்கொழுந்துக் காம்பை நட்டிருந்தான்.
காம்பு கருகிவிட்டது.
அவன் விடாமல் ஊற்றிய தண்ணீர்
விளிம்புவரை தேங்கிக் கிடந்தது.
குனிந்து பார்த்தேன்,
மட்டத்தோடு படுத்தபடி நாலைந்து.

அவன் ஐஸ் உடைக்கப் போயிருந்தான்.
மூடியைக் கவிழ்த்தேன்.
காம்பை மட்டும் எடுத்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.